மூன்று அதிகாரமா, ஐந்து வசனமா?

தினமும் வேதம் வாசிக்கிறவர்களிடம் மூன்று வழக்கங்கள் உண்டு. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே வருஷத்தில் முடிப்பது. காலண்டரிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ஒரு வசனத்தோடு நாளைத் தொடங்குவது. ஒரே புத்தகத்தில் தங்கி நாளுக்கு நாலைந்து வசனங்களைத் தியானிப்பது.

வருஷத் திட்டத்தின் கணக்கு எளிது. 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றேகால். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்பதால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் வந்துவிடும். பலருடைய தீர்மானம் நிற்கும் இடம் அதுதான். பலிமுறைகள் கடினம் என்பது ஒரு காரணம். பாக்கி சேர்வது இன்னொன்று. மூன்று நாள் விட்டுப்போனால் நான்காம் நாள் பதிமூன்று அதிகாரம் காத்திருக்கும். அப்புறம் கண்தான் ஓடும், மனசு ஒட்டாது. விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்குப் போய்விடுங்கள். ஆனாலும் முழு வேதத்தையும் ஒருமுறைகூட வாசிக்காதவர் இந்த வழியைத் தள்ளக் கூடாது. லேவியராகமம் தெரியாமல் எபிரெயர் நிருபத்தைத் தியானிக்க உட்கார்ந்தால் பாதி பிடிபடாது.

தனி வசனத்தில் இருக்கும் ஆபத்து வேறு. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் கழிய வேண்டும் என்கிறது. அங்கே சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமுக்குத் திரும்பியிருக்க முடியாது. இது தெரிந்தால் வாக்குத்தத்தம் சிறுத்துவிடாது, ஆழப்படும். அட்டையில் வந்த வசனத்தைக் குறைந்தது அதன் அதிகாரத்திலாவது திறந்து பாருங்கள்.

மூன்றாவது வழிக்கே எங்கள் ஓட்டு. சங்கீதம் 1:2-இல் 'தியானம்' என்று வரும் இடத்தில் எபிரெயச் சொல் 'ஹாகா': வாய்க்குள் முணுமுணுப்பது. இரைமேல் சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா 31:4-இல் இதே சொல்தான். ஆகவே தியானம் வாயில் தொடங்க வேண்டும். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் பத்தாவது நொடியில் மனசு அடுப்படிக்கோ ஆபீசுக்கோ போய்விடும்.

தொடங்க பிலிப்பியர் நல்லது. 104 வசனங்கள், நாளுக்கு ஐந்து என்றால் மூன்று வாரம். முதல் நாள் முழு நிருபத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு தினமும் இருபது நிமிடம் போதும். அன்றைய பகுதியை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்து, வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதுங்கள். 4:6-இல் "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று சேர்ந்து வருவதை 'ஒன்றுக்கும் கவலைப்படாமல்' என்று பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லில் அழுத்தம் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள். 'ஒன்றுக்கும்' என்பதில் அழுத்தினால், 'இதற்கு மட்டும் கவலைப்படலாமே' என்று மனசு ஒதுக்கிவைத்த காரியம் வெளியே வரும். 'ஸ்தோத்திரத்தோடே' என்பதில் அழுத்தினால், நம் விண்ணப்பப் பட்டியலில் நன்றியே இல்லாதது தெரியும். இனி முந்தின வசனத்துக்கு (4:5) போங்கள்: "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்." கவலைப்படாதே என்பதற்கு ஆதாரம் அங்கே இருக்கிறது. இந்த நிருபத்தை எழுதுகிற பவுலோ கட்டுகளில், அதாவது சிறைக்காவலில் இருக்கிறார் (1:13). கடைசி ஐந்து நிமிடம் அதே சொற்களில், அன்றைய கவலையைப் பேர் சொல்லி ஜெபியுங்கள்.

விளக்கவுரையை முதலில் திறக்காதீர்கள். அடுத்தவர் கண்டது வந்து உட்கார்ந்துகொண்டால் வசனத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். சந்தேகம் இருந்தால் கடைசியில் பாருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒன்றும் தோன்றாத நாளில் பகுதியை நீட்டாமல் அதே ஐந்து வசனத்தை மறுநாளும் எடுங்கள்.

முழு வேதமும் விட்டுப்போகக் கூடாது என்றால், தியானத்தைக் காலையில் வைத்துக்கொண்டு இரவில் இரண்டு அதிகாரம் வாசிக்கலாம், ஆடியோவிலும் கேட்கலாம். இருபது மாதத்துக்குள் முடிந்துவிடும். லேவியராகமத்துக்கு இரண்டு வாரம் கிடைக்கும்.