பாக்தாத் கற்பனை, கடல் மட்டும் நிஜம்

"தூர தேசங்கள், இல்லாத தேசங்கள்"னு தீம் வெச்சு ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரி, தம்பியையும் இழுத்துட்டுப் போயிருந்தேன். ஆர்கெஸ்ட்ரான்னதும் யாராச்சும் மைக் புடிச்சுப் பாடுவாங்கன்னு நம்பி வந்தவன் அவன், கறுப்பு டிரெஸ்ல இத்தன பேரு வந்து உக்காந்ததப் பாத்துட்டு "யாருண்ணா பாடப்போறாங்க"ன்னான். யாரும் பாடல. ஆனாலும் அவன் தூங்கல, அதுவே பெரிய விஷயம்.

முதல்ல போரோடினோட "இன் தி ஸ்டெப்ஸ் ஆஃப் சென்ட்ரல் ஏசியா", 1880ல எழுதுனது, ஏழெட்டு நிமிஷம்தான். ஸ்டெப்ஸ்னா படிக்கட்டு இல்ல, பரந்த புல்வெளி. வயலின்ல உச்சத்துல ஒரே ஒரு ஸ்வரத்த மெல்லிசா இழுத்துப் புடிச்சிருக்காங்க, அவ்ளோதான், முன்னாடி கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெட்டவெளி விரிஞ்சிடுது. அதுக்குக் கீழ கிளாரினெட்டுல ஒரு ரஷ்ய மெட்டு, அப்புறம் ஹார்ன்ல அதே மெட்டு, தந்திக்காரங்க வில்ல ஒதுக்கிட்டு விரலாலயே டொக் டொக்னு மீட்ட ஆரம்பிச்சா ஒட்டகமும் குதிரையும் நடந்து வருது, அதுமேல இங்லீஷ் ஹார்ன்ல, அதாவது நாகஸ்வரம் மாதிரி சீவாளி வெச்சு ஊதற குழல்ல, ஒரு கிழக்கத்தி மெட்டு. கடைசில ரெண்டு மெட்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்து போகுது, இடிச்சுக்கவே இல்ல. மனுஷன் தொழில்ல கெமிஸ்ட்ரி புரொபசர், எதோட எதக் கலந்தா வெடிக்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருந்திருப்பாரு போல.

அடுத்தது சிபெலியஸ், "ஸ்வான் ஆஃப் டுவோனெலா". டுவோனெலான்னா பின்லாந்து புராணத்துல செத்தவங்க போற ஊரு, அங்க கறுப்பு ஆத்துல ஒரு அன்னம். அந்த அன்னத்துக்குக் குரல் குடுக்கறது பத்து நிமிஷம் முன்னாடி ஒட்டகத்தோட வந்த அதே இங்லீஷ் ஹார்ன்தான்! வாசிச்ச அம்மா ஒவ்வொரு இடைவெளியிலயும் அந்தச் சீவாளிய வாயில வெச்சு ஈரப்படுத்திட்டு, கண்ண மூடி, திரும்ப ஆரம்பிக்கறாங்க. கவனிச்சீங்கன்னா இதுல ஃப்ளூட் கிடையாது, டிரம்பெட் கிடையாது, வெளிச்சமா ஒலிக்கற ரெண்டையும் எடுத்துட்டாரு, இருட்டு தானா வந்துடுச்சு. அந்த நேரம் பாத்து எனக்குப் பின்னாடி யாரோ செல்போன் அடிக்க விட்டாங்க. நல்லா இருப்பா.

ராவெல் பீஸ்தான் எனக்கு மனத்தாங்கல். "மதர் கூஸ்"லேருந்து அந்த பகோடா மகாராணி பாட்டு. ராணி குளிக்கறப்ப பகோடாங்கற குட்டிக் குட்டி பொம்மைங்க வாதுமைக் கொட்டை ஓட்டுல செஞ்ச வாத்தியங்கள வெச்சு அவங்களுக்கு வாசிக்குதாம், அதான் கதை. முதல்ல 1910ல ரெண்டு குழந்தைங்க சேந்து வாசிக்கற மாதிரி பியானோவுக்கு எழுதி அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்துனாரு. பெரும்பாலும் அஞ்சே ஸ்வரம், கேட்டதும் நம்ம காதுல மோகனம்னு விழும். எவ்ளோ பொடிசா, நிதானமா வாசிக்கணும்? நம்ம கண்டக்டரோ கடைசி பஸ்ஸ விட்ட மாதிரி ஓட்டுனாரு, செலஸ்டாங்கற சின்ன கீபோர்டோட மணிச்சத்தம் ஒண்ணும் தனியா கேக்கல.

இடைவேளைக்கு அப்புறம் மெயின் ஐட்டம், ரிம்ஸ்கி-கோர்சகோவோட "ஷெஹரஸாத்", 1888. ஆயிரத்தொரு இரவுகள்ல சுல்தானுக்கு ராத்திரி ராத்திரி கதை சொல்லியே உயிர் பொழைக்கற பொண்ணுதான் ஷெஹரஸாத். நாலு பாகம், முக்கா மணி நேரம். ஆரம்பத்துலயே டிராம்போனும் டூபாவும் சுல்தான் மாதிரி உறுமும், அதுக்குப் பதில் சொல்றாப்ல ஒத்த வயலின், ஹார்ப் துணையோட கதை சொல்ல வரும். உறுமல் கொஞ்சம் ஓவர், பக்கத்துல இருந்த தந்தி வாத்தியமெல்லாம் முழுகிடுச்சு. ஆனா வயலின் வாசிச்சவர் அசத்திட்டாரு, ஒவ்வொரு தடவை கதை ஆரம்பிக்கறப்பவும் வேற வேற ஆளா வந்தாரு, முதல்ல பயந்த பொண்ணு, மூணாவது பாகம் வர்றப்ப சுல்தான் அவ கைக்குள்ள.

எனக்குத் தோணுனது என்னன்னா, நாலாவது பாகத்துல பாக்தாத் திருவிழா கலர் கலரா ஜிகுஜிகுன்னு இருந்தும் ஏதோ செட் போட்ட மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள திடீர்னு கடல் புகுந்ததும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. காரணம் இருக்கு. ரிம்ஸ்கி-கோர்சகோவ் ரஷ்யக் கடற்படை ஆளு, இள வயசுல 1862லேருந்து 1865 வரைக்கும் அல்மாஸ்ங்கற கப்பல்ல நியூயார்க், ரியோ டி ஜெனிரோன்னு சுத்துனவரு. பாக்தாத்த கதைல கேட்டாரு, அலைய காலுக்குக் கீழயே பாத்துட்டாரு. கப்பல் பாறைல மோதற இடத்துல டாம்-டாம்ங்கற பெரிய வெண்கலத் தட்டுல ஒரே அடி, அந்த அடி அடங்கற வரைக்கும் தம்பி என் கைய விடல.

நடுநடுவுல பாகம் முடியறப்பெல்லாம் கைதட்டுனாங்க, அது பரவால்ல. புரோகிராம் நோட்ட எறும்பு எழுத்துல போட்டுட்டு லைட்டையும் அணைச்சிட்டாங்க, அதுதான் கடுப்பு.

கூடுதலா ஒண்ணு வாசிச்சாங்க, கிரீக்கோட "மார்னிங் மூட்". எங்கயாச்சும் கேட்டிருப்பீங்க, ஃப்ளூட்டும் ஓபோவும் மாத்தி மாத்தி வாங்கி வாசிக்கறது. பனிமலை, பச்சைப் பள்ளத்தாக்கு, நார்வேதானேன்னான் தம்பி. இல்லடா, இது "பீர் கின்ட்"ங்கற நாடகத்துக்கு எழுதுனது, அதுல இது மொராக்கோ பாலைவனத்துல விடியறதுன்னேன். வீடு வர்ற வரைக்கும் நம்பல.