கார்பன் பிரஷ் மோட்டாரா, பிரஷ்லெஸ் மோட்டாரா?

கம்பியில்லா வேக்குவம் கிளீனரில் பேட்டரிக் கணக்கை முதலில் பாருங்கள். 3.6 வோல்ட் செல்கள் 7 வரிசையாக இணைந்தால் 25.2 வோல்ட்; செல் 2.5 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 63 வாட்-மணி. 500 வாட் இழுத்தால் ஏழரை நிமிடம்தான்! வீணடிக்க இடமே இல்லை.

கார்பன் பிரஷ் மோட்டார் அங்கேதான் சறுக்குகிறது. பிரஷ் என்னும் கரித்துண்டு, சுருளோடு சுழலும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரை உரசியபடியே மின்சாரம் கொடுக்கிறது; வேகம் ஏற ஏற உராய்வும் தீப்பொறியும் கூடும். தேய்ந்தால் இழுவை குறையும், கருகல் வாடை வரும். விலை மலிவு, அவ்வளவுதான்.

பிரஷ்லெஸ்ஸில் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை மின்னணுப் பலகை தீர்மானிக்கிறது. உரசல் இல்லாததால் 2018இல் வந்த டைசன் வி10 மோட்டார் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது. அந்த வேகத்துக்குச் சின்ன விசிறியே போதும், கையில் கனமும் குறைவு. கூடுதல் விலைக்குத் தகும். ஆனால் பலகை போனால், பெரும்பாலும் மோட்டாரையே மாற்ற வேண்டும்.

இரண்டையுமே குளிர்விப்பது உள்ளே போகும் காற்றுதான். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் சூடாகி, விட்டுவிட்டு நிற்கும். கழுவிய ஃபில்டரை ஒரு நாள் முழுக்க உலர்த்தாமல் மாட்டாதீர்கள்.