பைனாரல் பீட்ஸ் சந்தாவா? ஒரு பக்க இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேளுங்க

இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலியைக் கொடுத்து, அந்த வித்தியாசத்தைத் துடிப்பாகக் கேட்கவைப்பதுதான் பைனாரல் பீட்ஸ்; கவனம் கூடும் என்று சொல்லி ஆப்களில் விற்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற ஒருவர் ஆண்டுச் சந்தா கட்டி அப்படி ஒரு ட்ராக் வாங்கினார். '40 ஹெர்ட்ஸ் டீப் ஃபோகஸ்' என்று பெயர், மழைச் சத்தத்தோடு ஒரு மணி நேரம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோவை இடது, வலது என இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் மிக்ஸ் பண்ணினால் சத்தமே இல்லை. அலை நேர்கோடாகப் படுத்துவிட்டது. இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். பெயரில்தான் பைனாரல், ஃபைலில் இல்லை.

உண்மையான பைனாரலில் இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ், வலதுக்கு 210 என்று தனித்தனியாகப் போகணும். அந்த 10 ஹெர்ட்ஸ் துடிப்பு வெளியே எங்கும் கிடையாது, இரண்டு காதின் தகவலும் மூளைத்தண்டில் சேரும்போதுதான் பிறக்கும். அதனால் 'ஸ்பீக்கரிலும் கேட்கலாம்' என்று விளம்பரத்தில் பார்த்தாலே நகர்ந்துவிடுங்கள்.

சோதனைக்குப் பத்து விநாடி போதும். ஒரு பக்க இயர்போனைக் கழற்றுங்கள். துடிப்பு நின்று வெறும் 'ஊ...' மட்டும் கேட்டால் அசல். ஒரு காதிலும் அதே துடிப்பு தொடர்ந்தால் அது முன்கூட்டியே கலந்தது. இன்னொன்று: வித்தியாசம் சுமார் 30 ஹெர்ட்ஸைத் தாண்டினால் துடிப்பு காதுக்குச் சரியாகப் பிடிபடாது. '40 ஹெர்ட்ஸ் பைனாரல்' என்று சொல்லி டும் டும் என்று பளிச்சென அடித்தால் சந்தேகப்படுங்கள்.

சண்டைக்குப் போகுமுன் நம்ம பக்கமும் பார்க்கணும். போனில் அக்சசிபிலிட்டி செட்டிங்கில் 'மோனோ ஆடியோ' ஆன் ஆகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து அசல் ஃபைலும் கெட்டுப்போகும். மீட்டிங்கில் மைக் ஓடும்போது ப்ளூடூத் ஹெட்செட் பெரும்பாலும் மோனோவுக்கு மாறிவிடும்.

அசல் பைனாரலை நாமே செய்யக் காசே வேண்டாம். ஆடாசிட்டியில் இரண்டு மோனோ ட்ராக், ஜெனரேட் மெனுவில் டோன், சைன், ஆம்ப்ளிட்யூட் 0.1. ஒன்று 200, மற்றொன்று 216. பேன் ஸ்லைடரை ஒன்றில் இடது கோடிக்கும் மற்றதில் வலது கோடிக்கும் தள்ளி, ஸ்டீரியோ வேவ் ஆக எக்ஸ்போர்ட். அவ்வளவுதான். கேரியர், அதாவது இங்கே 200 என்று வைத்த அடிப்படை ஒலி, 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் துடிப்பு மங்கிவிடும்.

அசலே கிடைத்தாலும் கவனம் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2023-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மூளை அலை இந்தத் துடிப்புக்கு இசைகிறதா என்று பார்த்த 14 ஆய்வுகளில் 5 ஆதரவு, 8 எதிர்ப்பு, 1 கலவை. அதே வருஷம் 1000 பேரை வீட்டிலேயே கேட்கவைத்த ஆய்வில் மதிப்பெண் குறைந்ததுதான் மிச்சம். 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்ற வரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் கவனிக்க: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்யுங்கள். நேரடியாக யுபிஐயில் கட்டியிருந்தால் ஆட்டோபே பகுதியில் மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதியை) ரத்து செய்யணும். பணம் திரும்பக் கேட்கும்போது அந்த நேர்கோட்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் விளம்பர வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.