ஸ்பார்க்கில் மேப்பார்ட்டிஷன்ஸ்: நாலு வருஷப் பழக்கம்

பெருங்குடி ஆபீஸில் நாலு வருஷமாக, பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்து ஓட்டும் அப்பாச்சி ஸ்பார்க்கோடு மல்லுக்கட்டுகிறேன். வேலை என்னவென்றால், முகவரிகளைச் சுத்தம் செய்து, டேட்டாபேஸில் இருக்கும் தெருப்பெயர்களோடு ஒப்பிடுவது.

முதலில், ஒவ்வொரு வரிக்கும் ஃபங்ஷனைத் தனியாகக் கூப்பிடும் வெறும் மேப் போட்டு எழுதினேன். வரிக்கு ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷன். பந்தியில் இலைக்கு இலை சமையற்கட்டுக்கு ஓடி, ஒரு கரண்டி சாம்பார் கொண்டுவருவது மாதிரி. மேப்பார்ட்டிஷன்ஸில் வரிசைக்கு ஒரு வாளி. டேட்டாவை ஸ்பார்க் உடைத்துவைக்கும் துண்டுதான் பார்ட்டிஷன்; அதற்கு ஒரு தடவைதான் ஃபங்ஷன் கூப்பிடப்படும். வரிகள் இட்டரேட்டராக, அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வரும், இட்டரேட்டராகவே திருப்பித் தரவேண்டும். வேகம் கண்கூடாகத் தெரிந்தது.

ஆனால் இந்த இட்டரேட்டர் ஒரு சோம்பேறி. திறந்ததை மூடவேண்டும் என்கிற நல்ல புத்தியில், மேப் எழுதிய அடுத்த வரியிலேயே கனெக்ஷனை க்ளோஸ் செய்திருந்தேன். ஓட்டினால் 'கனெக்ஷன் மூடப்பட்டுவிட்டது' என்று எரர். ஸ்பார்க் முதல் வரியைக் கேட்கும்போதுதான் உள்ளே வேலையே தொடங்கும், அதற்குள் நான் கடையைச் சாத்தியிருந்தேன். எல்லா வரியையும் உடனே ஒரு லிஸ்ட்டில் கொட்டும் டூலிஸ்ட் போட்டுத் தப்பித்தேன், டெஸ்ட் டேட்டாவில் பிரமாதம். நிஜ டேட்டா வந்த ராத்திரி, வேலையை ஓட்டும் எக்ஸிக்யூட்டர் ப்ராசஸ் மெமரி போதாமல் செத்தது. பார்ட்டிஷன் மொத்தத்தையும் ஒரே லிஸ்ட்டில் திணித்தால் வேறென்ன ஆகும்? இப்போது டாஸ்க் (ஒரு பார்ட்டிஷனின் வேலை) முடியும்போது மூடும்படி டாஸ்க்கான்டெக்ஸ்டில் ஒரு லிஸனர் வைத்துவிட்டேன்.

தெருப்பட்டியலை ஒரே தடவை எடுத்தால் போதுமே என்று டேட்டாவைப் பின்கோடு வாரியாக மறுபடி பிரித்து ரீபார்ட்டிஷன் செய்தது அடுத்த தலைவலி. 200 டாஸ்க்கில் 199 முடிந்து, 199/200 என்று நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பார்த்தால், வேளச்சேரியின் 600042 மட்டும் மலைபோல் ஒரே டாஸ்க்கில். கனமான பின்கோடுகளுக்கு மட்டும் 0 முதல் 7 வரை ஓர் எண்ணைச் சேர்த்து உடைத்தேன். இன்னொன்று, காலி பார்ட்டிஷனுக்கும் ஃபங்ஷன் கூப்பிடப்படும். வரி ஏதும் இருக்கிறதா என்று ஹாஸ்நெக்ஸ்ட்டில் பார்க்காமல் கனெக்ஷன் திறந்தால் தண்டம்.

ஒரு குறை தீரவே இல்லை. ஃபங்ஷனுக்குள் நடப்பது, க்வெரியை வேகமாக ஓடும்படி மாற்றியமைக்கும் ஸ்பார்க்கின் கேட்டலிஸ்ட் ஆப்டிமைசரின் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் எழுதும் ஃபில்டரை அது முன்னால் தள்ளாது, நாமேதான் முன்னால் எழுதவேண்டும். அதனால் பெயரை ட்ரிம் பண்ணுவது மாதிரி சில்லறை வேலைக்கு இதைத் தொடுவதில்லை.

பைத்தான் பக்கம் இருக்கும் தம்பிகள், ஸ்பார்க் 3.0-இல் வந்த, இதே மாதிரி வேலை செய்யும் மேப்இன்பாண்டாஸை வைத்திருக்கிறார்கள். அதில் டேட்டா இயல்பாகவே 10,000 வரித் துண்டுகளாக வரும். என் டூலிஸ்ட் கதையைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.