வாயு செலுத்தி எண்ணெய் எடுப்பது: 2,400 ரூபாய் ஆன்லைன் வகுப்பு

ஓமானில் எண்ணெய் வயல் கம்ப்ரசர் நிலையத்தில் 11 வருஷம் வேலை பார்த்தேன். நாங்கள் அனுப்பிய வாயு பூமிக்குள் போய் என்ன செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. காரைக்குடிக்குத் திரும்பிய பிறகு, பெட்ரோலியம் படிக்கும் மகன் கேட்டபோது முழித்தேன். சரி என்று இந்த ஆறு வார வகுப்பில் சேர்ந்தேன். ராத்திரி வளவில் உட்கார்ந்து பார்ப்பேன். “ஏப்பா, கேஸ் ஏஜென்சி எடுக்கப் போறியா?” என்று ஆத்தா கேட்டார்.

மூன்றாவது வாரத்துக்கே கொடுத்த காசு தகும். தண்ணீரை விட்டுத் தள்ளியும், பல வயல்களில் பாதிக்கு மேல் எண்ணெய் பாறைத் துளைகளிலேயே தங்கிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடைப் போதிய அழுத்தத்தில் செலுத்தினால் அது எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் உப்பி, இளகி, நகர்கிறது. அழுத்தம் குறைந்தால் சரியாகக் கலக்காது. எங்கள் தெருச் செக்குதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு ஆட்டினாலும் கடலைப் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். ஆலைக்காரர்கள் அதையே வாங்கிப்போய் ஹெக்சேன் விட்டுக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள்.

நான்காவது வாரமும் நன்று. வாயு இலேசானது, எண்ணெய்க்கு மேலாக ஏறி ஓடி, நேரே உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும். அதனால் வாயு கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். திடீரென்று லைனை மூடச் சொன்ன சூப்பர்வைசரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இதற்காகத்தான் இருந்திருக்கும்.

டெக்சாஸின் சாக்ராக் வயலில் 1972 முதல் இந்த வாயு போகிறது, கனடாவின் வேபர்னுக்கு 2000 முதல் வடக்கு டகோட்டாவிலிருந்து எல்லை தாண்டிக் குழாயில் வருகிறது என்றெல்லாம் சொன்னவர்கள், நம் நாட்டு வயல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நரிமணம் என்ற பேராவது சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை ஐந்தாம் வாரத் தேர்வு. கேஸ் லிஃப்ட் என்பது கிணற்றுக் குழாய்க்குள் வாயுவை விட்டு எண்ணெயை இலேசாக்கித் தூக்குவது. பாறைக்குள் செலுத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, சரியாக எழுதிய எனக்கு மதிப்பெண் வெட்டினார்கள். எழுதிக் கேட்டேன். 19 நாள் கழித்து “கருத்துக்கு நன்றி” என்று பதில்.

மகனை அந்த இரண்டு வாரம் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மதிப்பெண்ணைத் திருத்தினால் மூன்றரை.