ப்ரெப் மாத்திரையா ஊசியா: தொத்து வந்தா எதுல சீக்கிரம் தெரியும்?

ப்ரெப், அதாவது எச்ஐவி தொத்தாம இருக்க முன்கூட்டியே எடுக்கற மருந்து, அத பத்தி பேச ஆரம்பிச்சா எது நல்லா பாதுகாக்கும்ங்கறதுலயே பேச்சு நின்னுடுது. ஒழுங்கா எடுத்தா ரெண்டுமே நல்லா பாதுகாக்கும், அதுல சண்டை வேணாம். அதையும் மீறி எச்ஐவி தொத்திடுச்சுன்னா எதுல அது டெஸ்ட்ல மாட்டும், எதுல ஒளிஞ்சுக்கும், அதத்தான் பாக்கப் போறோம்.

விரல்ல குத்தி பாக்கற ரேபிட் டெஸ்ட் வைரஸ தேடறதில்ல, உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியதான் தேடுது, அதனால தொத்துனதுக்கப்புறம் காட்ட 23லேர்ந்து 90 நாள் ஆகலாம். ஆன்டிபாடியோட வைரஸோட புரதத்தையும் (ஆன்டிஜென்) சேத்து தேடுற லேப் டெஸ்ட்டுக்கு 18லேர்ந்து 45 நாள், நேரா வைரஸையே தேடுற ஆர்என்ஏ டெஸ்ட்டுக்கு 10லேர்ந்து 33 நாள். ஆனா இதெல்லாம் மருந்தே எடுக்காதவங்களுக்கான கணக்கு. உள்ள மருந்து இருந்தா வைரஸ் பெருக முடியாம முடங்கி கிடக்கும், வைரஸ் கம்மின்னா ஆன்டிபாடியும் மெதுவாத்தான் வரும், சிலருக்கு ஒரு தடவ பாசிட்டிவ் அடுத்த தடவ நெகட்டிவ்னு மாறி மாறி வந்து குழப்பும்.

மாத்திரையில (2012ல அமெரிக்கா அனுமதிச்ச டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன் ஜோடி) தொத்து வர்றது பெரும்பாலும் மாத்திரைய விட்டவங்களுக்குத்தான். ரத்தத்துல மருந்து இல்லன்னா வைரஸ் தாராளமா வளரும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கற டெஸ்ட்ல மாட்டிக்கும். மாத்திரையோட பலவீனம் ஆரம்பிக்கற நாள்தான். போன வாரம் தொத்துனவருக்கு இன்னிக்கு ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ்தான் காட்டும், அத நம்பி மாத்திரை குடுத்தா ரெண்டு மருந்து மட்டும் சிகிச்சைக்கு பத்தாது, எம்ட்ரிசிட்டபைனுக்கு மசியாத வைரஸ் வளர்ந்துடலாம்.

ஊசி கதை வேற. 2021 டிசம்பர்ல அனுமதி வாங்குன கபோடெக்ராவிர ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ போடணும். மாத்திரையோட நேருக்கு நேர் மோதுன எச்பிடிஎன் 083 ஆய்வுல ஊசி பக்கம் தொத்து 66 சதவீதம் கம்மி, அந்த வகையில ஊசிக்குதான் வெற்றி. ஆனா ஊசிய சரியா போட்டும் தொத்துன சிலருக்கு சாதாரண டெஸ்ட்ல வாரக்கணக்கா, சிலருக்கு மாசக்கணக்கா ஒண்ணுமே தெரியல, சேத்து வச்ச ரத்தத்த பின்னாடி ஆர்என்ஏ டெஸ்ட் பண்ணப்பதான் தெரிஞ்சுது. நீண்ட நாள் மருந்து வைரஸ ஆரம்பத்துலயே அடக்கி வைக்கற இந்த நிலைக்கு லெவின்னு (LEVI) தனி பேரே வச்சிட்டாங்க. அந்த இடைவெளியில ஊசி தொடர்ந்து விழுந்தா மசியாத வைரஸ் உருவாகலாம், இப்ப எச்ஐவி சிகிச்சையில முதல் கையா குடுக்கற டோலுடெக்ராவிரும் அதே குடும்பம், ஊசிக்கு மசியாத வைரஸ் அதுக்கும் மசியாம போகலாம்ங்கறதுதான் வயித்த கலக்குது.

அப்ப ஊசி போடுற எல்லாருக்கும் ஒவ்வொரு தடவையும் ஆர்என்ஏ டெஸ்ட்டா? 2021ல அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி அப்படித்தான் சொல்லுச்சு. எனக்கு அது ஒத்து வரல. விலை ஜாஸ்தி, ரிசல்ட் வர நாளாகும், அதோட தொத்தே அபூர்வமா இருக்கற கூட்டத்துல வர்ற ஒத்த பாசிட்டிவ் பொய்யாவும் இருக்கலாம், அந்த பயத்துல ஊசிய நிறுத்தினா ஆளுக்கு பாதுகாப்பும் போச்சு. 2025 ஜூலைல உலக சுகாதார அமைப்பு ஊசிக்கும் ரேபிட் டெஸ்ட் போதும்னு சொன்னத நான் ஏத்துக்கறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போடுற இன்னொரு ப்ரெப் ஊசியான லெனகபாவிர பரிந்துரைச்சதும் அதே நேரம்தான், அதோட பர்ப்பஸ் 1 ஆய்வுல லெனகபாவிர் போட்ட 2134 பெண்கள்ல ஒருத்தருக்கும் தொத்து வரல. சமீபத்துல ரிஸ்க் இருந்தவங்க, காய்ச்சலும் தடிப்புமா வர்றவங்க, ஊசிய தவற விட்டு திரும்பி வர்றவங்க, இவங்களுக்கு மட்டும் ஆர்என்ஏ பாத்தா போதும்ங்கறது என் கட்சி.

எந்த டெஸ்ட்டா இருந்தாலும் ப்ரெப் எடுக்கறத, கடைசி ஊசி தேதியோட சேத்து, டெஸ்ட் எடுக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. கபோடெக்ராவிர நிறுத்துனவங்களும்தான், அது ஒரு வருஷத்துக்கு மேல கூட கொஞ்சமா உடம்புல தங்கும்.