தினமும் ஒரு மணி நேரமா, விடுமுறை முழுவதுமா? கற்பித்தலுக்கு நடுவே ஆய்வு நூலை முடிக்கும் வழிகள்

முழுநேரமும் கற்பித்துக்கொண்டே ஆய்வு நூலொன்றை எழுதி முடிக்க விரும்புவோர் முன் பெரும்பாலும் மூன்று வழிகளே உள்ளன: வகுப்புகள் நடக்கும் மாதங்களில் நாள்தோறும் சிறிது நேரம் எழுதுவது, விடுமுறை வரை பொறுத்திருந்து மொத்தமாக எழுதுவது, ஆய்வு விடுப்புப் பெற்று வகுப்பறையை விட்டே விலகியிருந்து எழுதுவது. எந்த வழியில் அதிக மணி நேரம் கிடைக்கிறது என்று கணக்கிட்டே இவற்றை ஒப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் நமக்கு அதிகம் உதவாது என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

வழக்கமான ஆய்வு நூல் ஆங்கிலத்தில் 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை இருக்கும். ஒரு பருவத்தில் தேர்வு வாரங்களைக் கழித்து 12 வாரங்கள், வாரத்துக்கு 4 நாள்கள், நாளுக்கு 300 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், இரு பருவங்களில் 28,800 சொற்கள் சேரும். விடுமுறையில் 8 வாரங்கள், வாரத்துக்கு 5 நாள்கள், நாளுக்கு 700 சொற்கள் என்று எழுதினால் 28,000 சொற்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே எழுதும் அளவைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. எந்த வேலை எந்தக் காலத்தில் நடக்கும் என்பதையே பார்க்க வேண்டியுள்ளது. ஒரு வேலையைச் செய்யும்போது நூலின் எவ்வளவு பகுதியை ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும் என்பதே நான் கைக்கொள்ளும் அளவுகோல்.

நாள்தோறும் எழுதுவதற்கு ஆதரவாகப் பேசுவோர் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வையே சுட்டுவர். அதில் கல்லூரி ஆசிரியர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவினர் அவசியமானவற்றைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. இரண்டாம் குழுவினர் மனம் தோன்றும்போது எழுதலாம். மூன்றாம் குழுவினர் குறித்த வேளையில் எழுதியே தீர வேண்டும், தவறினால் தாங்கள் வெறுக்கும் அமைப்பு ஒன்றுக்குப் பணம் போய்ச் சேரும். மூன்றாம் குழுவினர் மிகுதியாக எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின என்பதுதான் கவனத்துக்குரியது. ஆயினும் அந்தத் தண்டனையை நீக்கிவிட்டு வெறும் கால அட்டவணையை மட்டும் நம்புவோருக்கும் அதே பயன் கிட்டும் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது. கற்பித்தலோடு எழுத்தையும் நடத்துவோரின் உண்மையான சிக்கல் நேரம் தவறுவது மட்டுமன்று. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது முன்னதன் எச்சம் கவனத்தில் தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் விளக்கினார். வகுப்பு முடிந்து, மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்குத் தக்க விடை சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற உறுத்தலோடு மேசையில் அமர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் அந்த ஒரு மணி நேரத்தை முதல் வகுப்புக்கு முன்னரே வைத்துக்கொள்வது நல்லது. எழுந்திருக்கும் முன், நாளை எந்த வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வரி குறித்து வைப்பது அதைவிட நல்லது. மறுநாள் முதல் இருபது நிமிடங்கள் தேடலில் வீணாகாமல் அந்த வரி காக்கும்.

இந்த வழியில் நன்றாக நடப்பவை சிறு எல்லைக்குள் அடங்கும் வேலைகள்: ஓர் ஆவணத்தை நுணுகி விளக்கும் மூன்று பத்திகள், ஓர் அட்டவணைக்கான விவரணை, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தல். முழு நூலின் வாதம் மட்டும் இவ்வழியில் நடப்பதில்லை. நான் ஒரு பருவம் முழுவதும் தவறாமல் எழுதி, இறுதியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது, முதல் இயலில் ஒரு பொருளில் ஆண்ட மையச் சொல்லை மூன்றாம் இயலில் வேறொரு பொருளில் ஆண்டிருந்தது தெரிந்தது. எந்தத் தனி நாளிலும் அது பிழையாகத் தோன்றவில்லை. 300 சொற்களுக்குள் இருந்து பார்ப்பவர் கண்ணில் அது படவும் படாது.

விடுமுறை கைகொடுப்பது இங்கேதான். கல்விசார் எழுத்தை ஆராயும் ஹெலன் ஸ்வோர்ட் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறைய வெளியிடும் ஆய்வாளர்களிலும் பெரும்பாலோர் நாள்தோறும் எழுதுபவர் அல்லர். ஆகவே நாள் தவறினாலே குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆனால் விடுமுறையில் எழுதுவோர் தங்கள் கணக்கில் மறக்கும் செலவு ஒன்று உண்டு. நான்கு மாதம் தொடாத கைப்பிரதிக்குள் மீண்டும் நுழையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எஞ்சிய விடைத்தாள்களும் அடுத்த பருவப் பாடத்திட்டமும் இன்னொரு வாரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த 8 வாரம் உண்மையில் 6 வாரமே. அதைப் புதிய பக்கங்களுக்குச் செலவிடுவதைவிட, முழு வரைவையும் அச்சிட்டு மூன்று நாளில் தொடர்ந்து படித்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி, அந்த வரிகளை மட்டும் கொண்டு இயல்களை மாற்றி அடுக்குவதற்குச் செலவிடுவதே தக்கது என்பது என் கருத்து. முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்குவோருக்கு இது இன்னும் பொருந்தும். தேர்வாளருக்காக எழுதிய, முந்தைய ஆய்வுகளை மதிப்பிடும் இயலைத் தூக்கி எறியும் துணிவு, முழு நூலும் கண்முன் விரிந்திருக்கும்போதுதான் வருகிறது.

ஆய்வு விடுப்பு, 1880இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய ஏழாண்டுக்கு ஒருமுறை விடுப்பு என்னும் ஏற்பாட்டின் வழிவந்தது. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தற்காலிகப் பணியில் இருப்போர் அதைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. கிடைப்பவர்களும் பெரும்பாலும் அந்த விடுப்பில்தான் நூலைத் தொடங்குகிறார்கள். வெற்றுத்தாளுடன் விடுப்பில் நுழைபவர் அதன் முதற்பாதியைப் படிப்பிலேயே கழித்துவிடுவார். ஓரளவு வரைவு கையில் இருக்கும்போது, வெளியூர் ஆவணக் காப்பகப் பணிக்கோ, பதிப்பகம் அனுப்பும் மதிப்பீட்டாளர் அறிக்கைகளுக்கு விடையளித்துத் திருத்தவோ விடுப்பைப் பயன்படுத்துவது மேல்.

எழுத்துக் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; வாரம் ஒருமுறை யாரேனும் பக்கங்களைக் கேட்பார் என்பதே அவற்றின் பயன். இயலொன்றையே ஒரு கருத்தரங்க வகுப்புக்குப் பாடமாக்குவது அதனினும் சுவையான வழி. வாதத்தில் ஓட்டை எங்கே என்பதை மாணவர்கள் தயக்கமின்றிக் காட்டிவிடுவார்கள். ஆனால் வகுப்புக்காக எளிமைப்படுத்திய விளக்கம் அப்படியே நூலுக்குள் ஏறிவிடும் அபாயமும் உண்டு.

கைப்பிரதியை ஒப்படைக்கும் நாளை முடிவு செய்யும்போதும், சிறு வேலைகள் பருவத்துக்கு, முழு நூலின் வாதம் விடுமுறைக்கு என்ற இந்தப் பங்கீட்டை நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலோர் விடுமுறையின் கடைசி நாளைப் பதிப்பகத்துக்கு வாக்களித்து, கட்டமைப்பை மாற்ற வேண்டிய வாரங்களில் மேற்கோள்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பருவம் தொடங்கி ஆறாவது வாரத்தைக் கேட்டு வாங்கினால், விடுமுறை முழுவதும் வாதத்துக்கு உரியதாகும். படங்களுக்கான அனுமதிக் கடிதங்கள், நூற்பட்டியல், அடிக்குறிப்பு வடிவம் ஆகியவை காலை ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக முடியும். மெய்ப்பும் சொல்லடைவும் எப்படியும் பருவத்தின் நடுவிலேயே வந்து சேரும். அவற்றுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அவகாசம் கிடைப்பது அரிது என்பதால், அந்தக் காலை மணியை நூல் அச்சுக்குப் போகும் வரை விட்டுவிடக் கூடாது.